கல்லாவுக்கு மேலே ஒரு லட்சியம்

ஒரு தொழில் யாருக்காக நடக்கிறது, என்ன செய்கிறது, எதை மட்டும் விட்டுக்கொடுக்காது என்பதை ஓரிரு வரியில் சொல்வது மிஷன் ஸ்டேட்மென்ட். கடையின் பெயர் பெரும்பாலும் குலதெய்வத்துக்கோ மூத்த பெண்ணுக்கோ சொந்தமானது. விளம்பர வாசகம் தெருவில் போகிறவரை உள்ளே இழுப்பதற்கு. மிஷன் ஸ்டேட்மென்ட் முதலாளியைக் கட்டிப்போடுவதற்கு. அதனால்தானோ என்னவோ, முதலாளிகள் அதைத் தங்களுக்கே புரியாத நடையில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்க வசதியான இடம் பெங்களூரு மர்பி டவுன். கன்டோன்மென்ட் பகுதியில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே இருக்கிறது. ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று பெயர். எளிய உழைப்பாளிகளுக்கு இங்கே வீடுகளைத் திட்டமிட்ட பொறியாளர் மர்பியின் பெயர் பிறகு நிலைத்துவிட்டது. தவறு நடக்க வழியிருந்தால் நடந்தே தீரும் என்ற விதி, 1949இல் அமெரிக்க விமானப்படைச் சோதனைகளில் இருந்த எட்வர்ட் மர்பியின் பேரில் வழங்குவது. அவரும் பொறியாளர்தான், ஆனால் வேறு ஆள். தீபாவளிக்கு முதல் நாள் இங்குள்ள தையல் கடைகளைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒருவர்தானோ என்று சந்தேகம் வரும்.

சிறு கடைக்குள் லட்சியம் இரண்டு வழியாக நுழைகிறது. ஒன்று பேங்க் கடன். 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான கடனுக்கு ‘சிசு’ என்று பெயர். சிசுவிடம் யாரும் அவ்வளவாக லட்சியம் எதிர்பார்ப்பதில்லை. தொகை ஏற ஏற ஆடிட்டர் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் தயார் செய்வார். அதன் இரண்டாம் பக்கத்தில் லட்சியம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். கோழிக் கடைக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் பெரும்பாலும் ஒரே லட்சியம்தான். அரசாங்கம் இதில் கொஞ்சம் நாகரிகமாகவே நடந்துகொள்கிறது: 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு ஆதார், பான், தொழில் குறியீட்டு எண், வேலையாட்கள் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்கும்; எதற்காகக் கடை நடத்துகிறாய் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாது.

இரண்டாவது வழி அக்கா பையன். பாக்மனே டெக் பார்க்கில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, “மாமா, உங்க கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுத் தர்றேன்” என்பான். வெப்சைட்டில் ‘எங்களைப் பற்றி’ என்றொரு கட்டம் காலியாக இருக்கும். தன் ஆபீஸ் சுவரில் தினமும் பார்க்கும் வாசகத்தை, இரண்டு சொல் மாற்றி, அதில் இறக்கிவிடுவான்.

அப்படி எழுதிக் கிடைத்ததை ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் வைத்துப் பார்க்கலாம். கடை எட்டடிக்குப் பத்தடி. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மேசை. மத்தியானத்துக்கு மேல் ஹெம்மிங் செய்யவும் ஹூக் வைக்கவும் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வருவார். சுவரில் வரிசையாகத் தொங்கும் ஒவ்வொரு பையிலும் புடவையிலிருந்து வெட்டிய துணி, லைனிங், அளவு பிளவுஸ், அதன் கழுத்தில் குண்டூசியால் குத்திய பில் துண்டு. இந்தச் சுவருக்குக் கிடைத்த லட்சியம்: “உலகத் தரம் வாய்ந்த புதுமையான ஆடைத் தீர்வுகளைச் சமூகத்தின் அனைத்துத் தரப்பினருக்கும் வழங்கி, வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை விஞ்சி, துறையின் முன்னோடியாகத் திகழ்தல்.”

உலகம் இந்தக் கடையில் அளவு பிளவுஸ் கொடுத்ததில்லை. புதுமை, பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர் டெய்லரிடம் விரும்பவே விரும்பாத ஒரே சரக்கு, பின்கழுத்தில் கேட்காத வளைவு ஒன்று வந்துவிட்டால், “இன்னாண்ணா இது, நான் கேட்டனா?” என்ற குரல் தெருமுனை வரை போகும். அனைத்துத் தரப்பினர் என்பதில் பாதிப் பேர் ஆண்கள். அவர்கள் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், “அதெல்லாம் தைக்கறதில்ல சார், எதிர்க் கடையில பாருங்க” என்ற பதில்தான் கிடைக்கும். எதிர்பார்ப்பு வெள்ளிக்கிழமை, விஞ்சினால் அடுத்த வெள்ளிக்கிழமை. முன்னோடி விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை, எதிர்ச்சாரியில் இருக்கும் டெய்லரும் முன்னோடிதான். அவருக்கும் ஒரு அக்கா பையன் இருக்கிறான்.

வாசகத்தில் பொய் இருப்பது பெரிய குறையல்ல. வியாபாரத்தில் அதற்கு இடம் உண்டு. குறை என்னவென்றால், இந்த வரியில் ‘ஆடை’யை எடுத்துவிட்டு ‘பஞ்சர்’ என்று போட்டாலும் வாசகம் கெடுவதில்லை. கவுன்டருக்கு முன்னால் ஆள் நிற்கும்போது டெய்லருக்கு என்ன பதில் சொல்வதென்று அது சொல்லித்தரவும் இல்லை.

சொல்லித்தரும் வாசகங்கள் நம் கடைகளில் வெகு காலமாகவே இருக்கின்றன, யாரும் அவற்றை மிஷன் ஸ்டேட்மென்ட் என்று அழைக்காததால் மதிப்புக் குறைந்துவிட்டது. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்பதில் மூன்றே சொல். கடை எதைச் செய்யாது என்பதும், ஏன் செய்யாது என்பதும், மீறினால் என்ன ஆகும் என்பதும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முதலாளி வாய் திறக்க வேண்டியதில்லை. தலையை லேசாகத் திருப்பிப் பலகையைப் பார்த்தாலே போதும். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ இன்னும் தேர்ந்த வேலை. எந்தக் கிழமை வந்து படித்தாலும் அது காலாவதி ஆகியிருக்காது. பெரிய கம்பெனிகள் ஆலோசகர்களுக்குக் கட்டணம் கொடுத்து எழுதி வாங்கும் வாசகங்களில் இப்படி ஆயுசு உள்ளதைக் காண்பது அரிது.

இவற்றுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் காந்தி இருப்பார். வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் முக்கியமான விருந்தாளி, அவர் நம்மை நம்பியில்லை, நாம்தான் அவரை நம்பியிருக்கிறோம் என்று போகும் அந்தச் சட்டம் போட்ட வாசகத்தைப் பேங்க், தபால் ஆபீஸ், மளிகைக் கடை எதிலும் பார்க்கலாம். 1890இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி பேசியது என்று சொல்லப்படுகிறது. 1890இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார்; தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியதே 1893இல்தான். பெரும்பாலும் இந்த வாசகம் தொங்குவது, வரிசையில் நிற்பவர் நிமிர்ந்து படிக்க நிறைய நேரம் கிடைக்கும் கவுன்டர்களில் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முறையான முன்மாதிரி வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு தொடங்கினார். அளவில் அது சிறு தொழில்தான். தவிர்க்கக்கூடிய பார்வையின்மையை ஒழிப்பது அதன் நோக்கம். ‘சிறந்த சேவை’ என்று அதில் இல்லை. ‘தவிர்க்கக்கூடிய’ என்ற ஒரு சொல் இருக்கிறது, மொத்த பாரமும் அதன் தோளில். கண்புரை அறுவை செய்தால் பார்வை திரும்பும். பணமில்லாததால் ஒருவர் குருடாக இருந்தால் அது தவிர்க்கக்கூடியது. ஆகவே பணமில்லாதவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்ப முடியாதென்றால் பணம் கொடுப்பவரின் கட்டணத்தில் மற்றவர் செலவும் அடங்க வேண்டும். அறுவைகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும். எங்கே போனாலும் ஒரே தரத்தில் பர்கர் போடும் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து அவர் வியந்ததும், அறுவை அரங்குக்கு அதிலிருந்து பாடம் எடுத்ததும் பலரும் அறிந்தது. வெளிநாட்டுக் கண் வில்லை ஏழைகளுக்குக் கட்டாத விலையில் இருந்ததால் 1992இல் ஆரோலேப் தொடங்கி வில்லையைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். ஆலோசகர் வைத்து முடிவு செய்ய வேண்டியவற்றில் பாதியை அந்த ஒரு வரியே முடிவு செய்துவிட்டது.

டெய்லருக்கு இவ்வளவு தேவைப்படாது. அவர் அக்கா பையனை விட்டுவிட்டு ஹெம்மிங் அக்காவைக் கேட்கலாம். வருகிறவர்கள் எதற்காகத் திட்டுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். முதலாளி அந்த நேரத்தில் பொதுவாக டீ குடிக்கப் போயிருப்பார். அக்கா சொல்வது எளிமையாக இருக்கும்: வருபவர்கள் நர்ஸ், டீச்சர், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பிளவுஸுக்காக நாலு நடை நடக்க அவர்களுக்கு நேரமில்லை, கை இறுக்கமாகப் போனால் பொறுத்துக்கொள்வார்கள், தேதி தள்ளிப் போனால் மாட்டார்கள். இதிலிருந்து ஒரு வாசகம் பிறக்கும்: “பிளவுஸ் மட்டும். சொன்ன தேதியில் கிடைக்கும். தவறினால் பாதிக் கூலி.”

மூன்றாவது வாக்கியத்தை முதலாளி அடிக்கப் பார்ப்பார். அடிக்கப் பார்க்கிறார் என்பதே அது வேலை செய்யும் என்பதற்கு அடையாளம்.

சோதனை செப்டம்பரில் வரும். 8ஆம் தேதி சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத் திருவிழா. அதை ஒட்டிக் காவிப் புடவைகள் பை பையாக வந்து இறங்கும். பில் புத்தகத்தில் 6ஆம் தேதி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் துணி வாங்கக் கூடாது என்பது வாசகத்தின் கட்டளை. கை கேட்காது, நீட்டிய பையை வாங்கிப் பழகிய கை. எதிரில் நிற்பவரும் விடமாட்டார்: “ரெண்டே ரெண்டுதான்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க.” பெங்களூரு நகரத்துக்கென்று யாரும் எழுதிவைக்காத மிஷன் ஸ்டேட்மென்ட் ஒன்று உண்டு, ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார்வது முதல் இந்த ஊரின் நல்லிணக்கம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. டெய்லர் எழுதிய வாசகம் இந்த நகரத்தோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருக்கிறது. முதல் வருடம் நகரமே ஜெயிக்கும், பாதிக் கூலியில் சில பிளவுஸ்கள் போகும். அந்த நஷ்டம் கல்லாவில் விழுந்த பிறகுதான் வாசகத்துக்கு உயிர் வரும்.

பலகை எழுதுவதில் சட்டமும் உதவுகிறது. 2024இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டப்படி பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். மீதியில் கடைப் பெயரும் போன் நம்பரும் போனால் ‘முன்னோடியாகத் திகழ்தல்’ போன்றவற்றுக்கு இடமே கிடையாது. வாசகத்தை உள்ளே, கல்லாவுக்கு மேலே மாட்டுவதே நல்லது. கன்னடத்திலும் தமிழிலும் எழுதலாம். அக்கா பையனுக்காக இங்கிலீஷிலும் ஒரு வரி வைக்கலாம்.

அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டி வந்தால் எதை மாற்றுவது என்பதற்கு லால்பாக் சாலை எம்டிஆர் ஒரு பாடம். 1924இல் தொடங்கிய அந்த ஓட்டலுக்கு எமர்ஜென்சி காலத்தில் அரசு விதித்த விலைக்கட்டுப்பாடு தொல்லை கொடுத்தது. அந்த விலைக்குப் பழைய தரத்தில் போட முடியாது என்ற நிலை. தரத்தை இறக்காமல், மாவும் பொடியும் பாக்கெட்டில் போட்டு விற்கும் தொழிலுக்குத் திரும்பினார்கள். எஸ்டிடி பூத்துகளையும் வீடியோ கேசட் கடைகளையும் இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தெருவுக்கு ரெண்டு இருந்தன. மெஷினையே லட்சியமாக வைத்திருந்தவர்கள் மெஷினோடு போனார்கள், ஜனங்கள் போன் பேச வருகிறார்கள் என்று புரிந்துகொண்டவர்கள் ரீசார்ஜ் கடை வைத்தார்கள்.

கடைசியாக விதிவிலக்கு. பில்டிங் ஓனர் வீட்டம்மா 7ஆம் தேதி சாயங்காலம் இரண்டு பிளவுஸ் துணியோடு வந்து, பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்கப்பா, நாளைக்குக் காலைல வேணும்” என்பார். இதைப் பலகையில் எழுத வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் எழுதாமலே இருக்கிறது.