அருவிக்கு டிக்கெட் வேண்டாம்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், 2019இல் திறந்த ‘ஜுவல்’ வளாகத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. கூரைக்குக் கீழேதான்! சேமித்த மழைநீர், இருட்டினால் வண்ண விளக்கு வேறு. மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம், இலவச சினிமா. பரீட்சை நெருங்கினால் உள்ளூர்ப் பிள்ளைகள் புத்தகத்தோடு விமான நிலையத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பறக்கும் உத்தேசமே கிடையாது. நம் சுற்றுலாக் கோஷ்டியோ மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து, எடை மெஷின் பக்கத்தில் பெட்டியைத் திறந்துபோட்டு, கோடாலித் தைலத்தையும் சாக்லேட்டையும் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. அருவியைப் பார்த்தாயிற்றா என்று கேட்டால், “குற்றாலத்துல இல்லாததா?” என்று பதில். ஜுவலில் குளிக்க விடமாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் பார்க்கக் காசு கிடையாது. பெட்டியை மூடிவிட்டு ஒரு நடை போய்வாருங்கள்.