வெடிப்பதற்கு முன் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: நல்லூர்க்காரன், விருத்தாசலம் பக்கம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அவர்கள், சென்னை.

பொருள்: இன்னும் வெடிக்காத எங்கள் தெருவுக்கு நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான பேரிடர்ப் பட்டியல்.

ஐயா,

பதற வேண்டாம், எங்கள் தெருவில் எதுவும் வெடிக்கவில்லை. வெடித்த பிறகு மனு எழுதுவதில் இருக்கிற சங்கடத்தை உத்தேசித்துத்தான் முந்திக்கொள்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, வீட்டு வரி ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் நகல் கேட்பீர்கள். அவை இருந்த பீரோவே எதிர்வீட்டு மாடியில் கிடக்கும்போது நகலுக்கு எங்கே போவது? இப்போது எல்லாம் கைவசம் இருக்கின்றன. இரண்டிரண்டு பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன்.

நிவாரண நிதி எந்தெந்தப் பேரிடருக்கு என்று மத்திய அரசு வகுத்துத் தந்த பட்டியலைப் படித்தேன். புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேக வெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும் என்று மொத்தம் 12. மணிமுத்தாற்றங்கரையில் பனிச்சரிவு ஏற்பட்டால் எங்கள் கதி என்ன என்ற கவலை அன்றே தீர்ந்தது. சித்திரை வெயிலில் உறைபனி விழுந்தாலும் தாங்கள் இருக்கிறீர்கள். பட்டியலில் ‘வெடிப்பு’ என்ற சொல்லும் இருக்கிறது. ஆனால் அது மேகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டாசு, சிலிண்டர், கொதிகலன் எதுவும் வெடிக்க அனுமதி பெறவில்லை. ‘தீ’ உண்டு என்பதால், வீடு எரிந்து விழுந்தால் மனு செல்லும்; எரியாமல் விழுந்தால் செல்லுமா என்பது அன்றைய தாசில்தாரின் மனத்தைப் பொறுத்தது. ஆகவே வெடிக்கும்போது கொஞ்சம் எரியவும் வேண்டும் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று தாங்கள் கருதலாம். 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் காஸ் சிலிண்டர் வெடித்து, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். 2022-இன் கடைசி நாள் விடியலில் மோகனூரில், புத்தாண்டு விற்பனைக்குப் பட்டாசு வைத்திருந்த வீடு வெடித்து நான்கு பேர் போனார்கள். 2023 ஜூலை 29-ஆம் தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கடைவீதி நடுவிலிருந்த பட்டாசுக் கிடங்கில் ஒன்பது பேர். 2024 அக்டோபரில் திருப்பூர் பாண்டியன் நகரில் போன உயிர்களில் ஒன்று கைக்குழந்தை. எங்கள் மாவட்டத்துக் குருங்குடியில் 2020 செப்டம்பரில் பட்டாசு ஆலையில் இறந்த ஒன்பது பேரும் பெண்கள். இறந்தவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அவர்களுக்கு அன்று மாலைக்குள் இரங்கல் செய்தி வந்துவிடுகிறது. என் மனு, செய்தியே வராதவர்களைப் பற்றியது.

கிருஷ்ணகிரிக்கு அறிவித்த தொகைகளைப் பாருங்கள். இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலத்திலிருந்து 3 லட்சம், பலத்த காயத்துக்கு 1 லட்சம், லேசான காயத்துக்கு 50,000. இறந்தவர்களுக்காக டெல்லியிலிருந்து மேலும் 2 லட்சம். தங்கள் கருணை உடம்பை மட்டுமே பார்க்கிறது. வெடித்த இடத்துக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர், அந்த நேரம் பால் வாங்கப் போனவர், திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் பாதி இல்லாதவர், ஆனால் உடம்பில் ஒரு கீறலும் இல்லாதவர் எந்த வரிசையில் நிற்பது? வரிசையில் நிற்பதற்காகவாவது இடிபாட்டில் ஒருமுறை இடறி விழலாமா என்பதைத் தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும். விழுவதாக இருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டோடு விழ வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இனி, வெளியேற்றம். இதில் தங்கள் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஒலிபெருக்கி, கயிறு, போலீஸ், ‘உயிர்தான் முக்கியம், கிளம்புங்க’ என்ற அன்பான அதட்டல். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ பாய், போர்வை, சாம்பார் சாதப் பொட்டலம். முதல் இரவு எம்.எல்.ஏ. வருவார். இரண்டாம் நாள் வாழைப்பழம் வரும். அதற்குப் பிறகு வருவது திங்கட்கிழமை; பள்ளிக்கூடம் திறந்தாக வேண்டும். மண்டபமாக இருந்தால் முகூர்த்தம். பெண் வீட்டார் வாழைமரம் கட்ட வந்து நிற்கையில், பொங்கல் வைக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் சுருட்டிய பாயோடு நிற்கிற குடும்பத்தை என்ன முறை சொல்லி அழைப்பது? வெளியேற்றுவதற்கு உத்தரவு இருக்கிறது. எப்போது திரும்பலாம், அதுவரை எங்கே இருப்பது, வாடகைக்குப் பிடிக்கிற வீட்டுக்குப் பல மாத அட்வான்ஸ் யார் கொடுப்பது, இவற்றுக்கு உத்தரவு இல்லை. மாமியார் வீடு இருக்கிறதே என்று தாங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அந்த வீடும் அதே தெருவில்தான்.

பட்டியலில் உள்ள பேரிடர் என்றால், வீட்டின் பகுதி சேதத்துக்குத் தாங்கள் வைத்திருக்கும் அளவுகோலைக் கண்டு வியந்தேன். காரை வீடு குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்தால் 6,500 ரூபாய். எங்கள் பக்கம் பீங்கான் ஊர். மின்சாரச் சாமான், அகல் விளக்கு, பொம்மை என்று சூளையில் சுட்டெடுத்து நாடெங்கும் அனுப்புகிறோம். சூளையிலிருந்து வரும் கோப்பையில் மயிரிழை விரிசல் இருந்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் விரலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டுக் கழித்துவிடுவார்கள். 15 சதவீதம் உடைந்த கோப்பை என்று ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. அதிர்வில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் விரிசல் ஓடிய வீடும் அந்த வகைதான். நிற்கும், படுத்துத் தூங்க முடியாது. வருவாய் ஆய்வாளர் அவர்கள் அளவு நாடாவோடு வரும்போது எங்கள் பக்கத்து அம்மாள் ஒருவரையும் கூட்டிவந்தால் நல்லது. அவருக்குப் பயணப்படி வேண்டாம்.

1991-இல் போபால் விஷவாயுக் கசிவை நினைத்து மத்திய அரசு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று போட்டது. பட்டியலிட்ட அபாயப் பொருள்களைக் கையாளுகிறவர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் போதும். யாருடைய அலட்சியம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அருமையான சட்டம். தனியார் சொத்துச் சேதத்துக்கு அதில் எழுதிய உச்சவரம்பு 6,000 ரூபாய். அந்தச் சட்டம் வேறு, தங்கள் பட்டியல் வேறு என்றாலும், 30 ஆண்டு கழித்துத் தாங்கள் 500 ரூபாய் கூட்டி எண்ணியிருக்கிறீர்கள் என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

யார் அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டாம் என்கிறதே சட்டம், அங்கேதான் நம் அரசியல் அழகு. பழையபேட்டையில் வெடித்தது பட்டாசா, பக்கத்து உணவகத்துச் சிலிண்டரா என்று கட்சிகள் நெடுநாள் மல்லுக்கட்டின. விசாரணை வேண்டியதுதான். ஆனால் கூரை போனவருக்கு மழை இரண்டிலும் ஒரே மாதிரிதான் பெய்யும்.

வெளிநாட்டு உதாரணம் தங்களுக்குப் பிடிக்கும். கற்றறியப் பயணம் போகலாம் அல்லவா? நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊர். 2000 மே 13 அன்று குடியிருப்பு நடுவிலிருந்த வாணவெடிக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். சுமார் 400 வீடுகள் தரைமட்டம். வீட்டுக்கும் காப்பீட்டுக்கும் மனநலத்துக்கும் தனித்தனி வாசல் ஏற வேண்டாம் என்று பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரே மையம் திறந்து அதைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். ரோம்பேக் என்ற அந்தப் பகுதியை மீண்டும் எப்படிக் கட்டுவது என்று அங்கே குடியிருந்தவர்களையே உட்காரவைத்துக் கேட்டார்கள். நம் ஊரில் ஆறாம் மாதம் மனுதாரரிடம் கேட்பது, ‘போன தடவை கொடுத்த மனுவுக்கு ரசீது இருக்கா?’

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் போதும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் மூழ்கியதும் கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கப்பல் மூழ்குவதும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. தாங்களும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தீர்கள். பேனா வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமோ, மனிதரால் நேர்வதும் பேரிடர்தான் என்று முதல் பக்கங்களிலேயே சொல்கிறது. தங்கள் துறையின் பெயர்ப் பலகையே அந்தச் சட்டத்தின் பிள்ளை.

ஆகவே, ஐயா, இந்த மனுவை ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று முடித்துவைக்காமல் ஓர் அரசாணை போடுங்கள். குடியிருப்பில் நேரும் வெடிவிபத்தை மாநிலப் பேரிடராக அறிவியுங்கள். காயமில்லாமல் வீடிழந்தவருக்கும், பட்டா இல்லாத வாடகைக் குடித்தனத்துக்கும் அன்றைக்கே மாற்று வீட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பொறியாளர் கையெழுத்துப் போடும்வரை வாடகையும் கொடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கிறது என்பதற்காக யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். கூடவே, தீபாவளிப் பட்டாசுக் கடை உரிமத்துக்கான கோப்புகள் மாவட்டத்தில் வருவாய் அதிகாரிகளின் மேசை வழியாகத்தானே போகின்றன? கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தக் கடைக்கு மேல்மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை வீட்டோடு இருக்கும்
நல்லூர்க்காரன்