மூன்றாம் விதியும் அரைக்கிலோ கறியும்

அனுப்புநர்: கறிக்கடை வரிசையில் மூன்றாவதாக நிற்பவன், திண்டுக்கல்.
பெறுநர்: வதைக்கூட விதிகள், 2001-ஐ வகுத்த மத்திய அரசு, புது தில்லி.

ஐயா,

1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் போட்டீர்கள். அதன் கீழேயே 2001-இல் வதைக்கூடத்துக்கு விதி வகுத்தீர்கள். (‘ஆடுவதைக் கூடம்’ என்று பலகை எழுதிக்கொண்டது நாங்கள்தான். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.)

விதிகளைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். சினை ஆட்டை அறுக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகாத குட்டியையும் அதன் தாயையும் தொடக் கூடாது. கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்று தர வேண்டும். அவரும் மணிக்கு 12, நாளுக்கு 96 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது. அதாவது ஆட்டுக்கு ஐந்து நிமிடம். போன மாதம் என் முட்டிவலிக்கு இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் தெருமுனையில் ஒன்று உரிபட்டுத் தொங்கும். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் பிடித்து வந்த அடுத்த கிடா, வேப்பமரத்தடியில் அகத்திக்கீரையை மென்றபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் பார்ப்பதில்லை. செல்போனில் இருப்போம். “நெஞ்செலும்பு கொஞ்சம் சேத்துப் போடுங்கண்ணே” என்பதற்கு மட்டும் தலை நிமிரும்.

கடைக்கார அண்ணனிடம் விதியை எடுத்துச் சொன்னேன்.

“எத்தன உருப்படிக்கு மேல?” என்றார்.

நாளுக்கு 10 அல்லது அதற்கு மேல் அறுத்தால்தான் அது வதைக்கூடம் என்று நீங்களே விளக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

“நமக்கு ஞாயித்துக்கெழமையே நாலுதேன் தம்பி” என்று கத்தியைத் தீட்டினார்.

நகராட்சி எல்லைக்குள், உரிமம் பெற்ற கூடத்துக்கு வெளியே ஒன்றைக்கூட அறுக்கக் கூடாது என்கிறது மூன்றாம் விதி. அதை நான் சொல்லவில்லை. எனக்கு அரைக்கிலோ வர வேண்டியிருந்தது.

கோயிலில் கிடா வெட்டவும் 1950-லேயே மாநிலத்தில் தடைச்சட்டம் இருந்தது. அரை நூற்றாண்டு உறங்கிய அதை 2003-இல் தட்டி எழுப்பினார்கள். கருப்பசாமி பட்டினி, சீரகச் சம்பா பிரியாணிக்கு ஒரு குறைவும் இல்லை. மறு வருடமே சட்டத்தை நீக்கிவிட்டார்கள். சாமிக்கு ஓட்டு இல்லை, பக்தருக்கு உண்டு.

ஆகவே ஐயா, விதிகளில் ஒரு வரியையும் திருத்த வேண்டாம். ஆய்வுக்கு வருவதானால் மட்டும் திங்கட்கிழமை வாருங்கள். ஞாயிறு வேண்டாம், வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறார்.

இப்படிக்கு,
மேற்படியான்