அப்பாவுக்குப் பிடித்த கோளாறு

கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் திரையில் ஒரு வரி வந்து சொல்லிவிடும். பிரிண்டரில் பேப்பர் இல்லை, நெட் இல்லை, டிஸ்க்கில் இடம் இல்லை என்று கோள் சொல்வதற்கென்றே இருக்கிற இடம் அது. அந்தத் திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டே படுத்துவிட்டால் புகாரை எங்கே வாசிப்பது? சரிசெய்யும் வழியெல்லாம் மெனுவுக்குள் இருக்கிறது. மெனு திரையில் இருக்கிறது. திரை கறுப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குக் கார்டு வந்தது மகனின் படிப்புக்காக. "ஏ.ஐ. ப்ராஜெக்ட்டுக்கு ஜி.பி.யு. இல்லாம முடியாதுப்பா" என்றான். ஜி.பி.யு. என்ற பெயரை ஊரறியச் செய்தது 1999இல் வந்த ஜீஃபோர்ஸ் 256. அதுவும் விளையாட்டுப் பிள்ளைகளை நம்பி விற்பனைக்கு வந்த கார்டுதான் என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. விலை எங்கள் ஃப்ரிட்ஜைவிட அதிகம். அதற்கு ஃபேன் மட்டும் மூன்று. எங்கள் ஹாலுக்கு ஒன்று.

கார்டு இருந்தால் போதாது, விண்டோஸுக்கும் அதற்கும் நடுவே பேசிவைக்க டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். அதில் அடிக்கடி புதிது வரும். ஒவ்வொன்றும் அரை ஜி.பி.யைத் தாண்டும். அந்தக் காலத்து 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் கொண்டுவருவதென்றால் 350க்கு மேல் அடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், புதிதாக வந்த துப்பாக்கி விளையாட்டில் புகை சரியாகத் தெரிவதற்கான திருத்தம், கார் பந்தயத்தில் நிழல் ஆடாமல் இருப்பதற்கான திருத்தம். ரிட்டயர்டு தலைமையாசிரியரான என் அப்பா காலையில் பேப்பர் படிப்பதற்கும் இவ்வளவும் தேவைப்படுகிறது.

டிரைவர் மாறும்போது நடுவில் திரை சில விநாடி இருண்டு திரும்பும். அது வழக்கம்தான். ஒருநாள் இரவு புது டிரைவர் ஏறும்போது, திரை இருண்ட அதே நேரத்தில் தெருவும் இருண்டது. யு.பி.எஸ். கீச்சென்று ஒரு சத்தம் போட்டுத் தன் கடமையை முடித்துக்கொண்டது.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டரும் எழுந்தது. ஆனால் 1920க்கு 1080 என்றிருந்த திரை 1024க்கு 768 ஆகியிருந்தது. கார்டின் சொந்த டிரைவர் உருப்படியாக இல்லாதபோது, 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று கைவசமுள்ள ஒன்றை வைத்து விண்டோஸ் ஒப்பேற்றும். பழைய டிவி அளவுப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துக் காட்டியதில், வால்பேப்பரில் நின்ற எங்கள் குடும்பமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிட்டது. "எது எப்படிப் போனாலும் முதல்ல இதை மாத்துங்க" என்றாள் மனைவி. மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.

"இப்பதான்டா எழுத்து எழுத்தா இருக்கு. யார் பண்ணது?"

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியோடு ஒரு மஞ்சள் முக்கோணம். அதை அழுத்தினால் கோடு 43. பிரச்சினைகள் இருப்பதாக இந்தச் சாதனம் தெரிவித்ததால் விண்டோஸ் இதை நிறுத்திவைத்திருக்கிறதாம். என்ன பிரச்சினை? கார்டு விண்டோஸிடம் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் நம்மிடம் சொல்லாது. பழைய டிரைவருக்கே திரும்பிப் போக ஒரு பட்டன் உண்டு. பழையது மிச்சம் இல்லாதவர்களுக்கு அது சாம்பல் நிறத்தில் அமுங்காமல் நிற்கும். எங்களுக்கு நின்றது.

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்தினால் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும். பரதநாட்டியம் தெரிந்த விரல்களுக்கு எளிது. நான் அழுத்தியபோது 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது, வேறெதுவும் வரவில்லை. கார்டு கொஞ்சம் திணறினால் விண்டோஸே அதைத் தட்டி எழுப்பும் ஏற்பாடு விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. இரண்டு விநாடி பதில் இல்லையென்றால் கார்டை ரீசெட் செய்துவிடும். எங்கள் வீட்டில் கூப்பிட்ட இரண்டு விநாடியில் யாருமே பதில் சொன்னதில்லை. யாரையும் நாங்கள் ரீசெட் செய்ததும் இல்லை.

அடுத்து பெங்களூரு மைத்துனனுக்கு போன். ஐ.டி.யில் பதினைந்து வருஷ சர்வீஸ். "மச்சான், ஆபீஸ்ல சிஸ்டம் மக்கர் பண்ணா நாங்க டிக்கெட் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவோம். ஆள் வந்து பார்ப்பாங்க" என்றான். இருந்தாலும் அக்கா வீட்டை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னான். பிடித்தோம்.

மகனின் வழி வேறு. சேஃப் மோடில் நுழைந்து, டிரைவரின் மிச்சம் மீதியைச் சுரண்டி எடுக்கும் டி.டி.யு. என்ற மென்பொருளை ஓட்ட வேண்டும். முன்பெல்லாம் எஃப்8 தட்டினால் சேஃப் மோடு வந்துவிடும். விண்டோஸ் 8 வந்தபின் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டை அழுத்தி, நாலைந்து மெனு தாண்டிப் போக வேண்டும். இதற்கிடையில் நெட் இருக்கக் கூடாது. இருந்தால் விண்டோஸ் நம்மைக் கேட்காமலே தனக்குப் பிடித்த டிரைவரை இறக்கிவிடும். கேபிளைப் பிடுங்கினால் போதும். மகன் ராணுவ ஒழுங்கோடு வைஃபை பெட்டியையே அணைத்தான். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஹாலிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில், பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்லி, கேமராவைப் பார்த்து நடுவிரலை நீட்டினார். அவ்வளவு பெரிய மேதைக்கே அந்த நிலைமை. நான் ஹாலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சுரண்டி முடித்தும் கோடு 43 போகவில்லை. மறுநாள் தெருமுனைக் கடைத் தம்பி வந்தார். ரிச்சி தெருவில் தொழில் பழகியவர். கோடு பற்றியெல்லாம் அவர் கேட்கவில்லை. "கேபிளை எதுல சொருகியிருக்கீங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வி. மதர்போர்டுக்கென்று ஒரு எச்.டி.எம்.ஐ. துளை, கார்டுக்கென்று ஒன்று. பாதி ஊர் தப்பான துளையில் சொருகிவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுகிறதாம். எங்களுடையது சரியாக இருந்ததில் அவருக்குச் சின்ன ஏமாற்றம். மூடியைக் கழற்றினார். தடித்த கார்டுக்கு அடியில் விரல் நுழையாத சந்தில் இருக்கும் கொக்கியை ஸ்கேலால் அமுக்கிக் கார்டை உருவினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சில் ரப்பரை எடுத்தார்.

அந்த ஃப்ரிட்ஜ் விலைக் கார்டின் தங்க முலாம் பூசிய பற்களை, ஐந்து ரூபாய் ரப்பரால் பரீட்சைத் தாளை அழிப்பதுபோல் அழித்தார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பச் சொருகி, பவர் ஒயரை 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி, பழைய டிரைவர் ஒன்றைப் போட்டார். திரை ஒருமுறை இருண்டது. குடும்பம் இளைத்துத் திரும்பி வந்தது.

எதனால் சரியானது? ரப்பர் என்றார் தம்பி. தான் முந்தின நாள் சுரண்டியதால்தான் டிரைவர் ஒட்டியது என்றான் மகன். மைத்துனன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பி, "நான்தான் சொன்னேன்ல?" என்றான். ஒரு நேரத்தில் ஒரு வைத்தியம்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நோய் எதுவென்றே தெரியாது. மூன்று வைத்தியர்கள் உள்ள வீட்டில் அதற்கு வழியில்லை. தம்பிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். மற்ற இருவரும் காசு கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டார்கள்.

பேப்பர் படிக்க வந்த அப்பா திரையை உற்றுப் பார்த்தார். "மறுபடி எறும்பாக்கிட்டீங்களா? நல்லா இருந்ததை ஏன்டா கெடுத்தீங்க?"

செட்டிங்ஸில் ஸ்கேலை 150 சதவீதமாக்கினேன். அப்பா முகம் மலர்ந்தது. மகன் விளையாட்டைத் திறந்தால், 'ப்ளே' பட்டன் திரைக்கு வெளியே எங்கேயோ போயிருந்தது. பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மாலை ஆறு மணிவரை 150, அதற்குமேல் 100. மாற்றுகிற வேலை என்னுடையது.