கோடு போட வாடகையா!

செங்கல் சூளைக்குப் போனால் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால்தான் லோடு ஏறும். எம்-சாண்டை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து, விரித்து, உள்ளங்கையில் தூசு ஒட்டுகிறதா என்று வெயிலில் பார்ப்பார். கொங்குப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காண்ட்ராக்டர் உண்டு. மேஸ்திரியாக இருந்து மேலே வந்தவர். சட்டைப் பையில் டேப், காதில் பென்சில், வீட்டுக்குப் பின்னால் சென்ட்ரிங் தகரமும் ஜாக்கியும் அடுக்கிய ஷெட்.

தட்டிப் பார்க்க முடியாத சரக்கு ஒன்றை வாங்க வேண்டி வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் அரசு அறிவித்ததிலிருந்து அவருக்குக் கம்ப்யூட்டர் பிளான் இல்லாமல் ஆகவில்லை. டவுனில் வரைந்து கொடுக்கிற பையனோ, அடுப்படியை அக்னி மூலைப் பக்கம் அரை அடி நகர்த்தினாலும் தனிக்காசு கேட்கிறானாம்.

“நாமளே ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டுட்டா ஆச்சுங்களே தம்பி. நல்லதாப் பாத்துச் சொல்லுங்க. எச்சாப் போகக் கூடாது.”

ஆட்டோகேட் என்றேன். 1982-இல் வந்தது, ஊரே அதில்தான் வரைகிறது என்றதும் முகம் மலர்ந்தது. விலையைக்கூடத் தாங்கிக்கொண்டார். “இது வருசத்துக்குங்கண்ணா” என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“வருசா வருசமா? அப்ப அது நம்மளுதுங்களா, அவனுதுங்களா?”

“முன்னெல்லாம் ஒருக்கா வாங்குனா நம்மளுதுதாங்கண்ணா. 2016-ல அதை நிறுத்திட்டாங்க. இப்ப சந்தா மட்டுந்தான்.”

“கோடு போடறதுக்கு வாடகையா!”

அந்தக் கோபத்தில் மச்சான் பையனிடமிருந்த திருட்டுப் பிரதியை ஏற்றிப் பார்த்தார். ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் படுத்தது. மூன்று பிளான் போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கூடவே பேத்தி காதுகுத்துப் போட்டோக்களும் போயின. வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பிறகு லிப்ரேகேட். முழுக்க இலவசம். அதுவே அவருக்குச் சந்தேகம். “சும்மா குடுக்கறதுல அவனுக்கென்னுங்க லாபம்?” இலவசத்தை அவர் தேர்தல் சமயத்தில் மட்டுமே நம்புவார். ஆனாலும் தரைத்தள பிளானுக்கு அது தாராளமாகப் போதும். மச்சான் பையனும் நன்றாகவே வரைந்தான். ஆனால் கம்பிக் கணக்குப் போடும் ஈரோட்டு இன்ஜினியர் டி.டபிள்யூ.ஜி. கோப்புதான் வேண்டும் என்றார். லிப்ரேகேட்டோ டி.எக்ஸ்.எஃப். ஆகத்தான் சேமிக்கும். “மூணெழுத்துல ரெண்டெழுத்து மாறுனதுக்கா இத்தனை ரகளை?” என்று என்மேல் பாய்ந்தார். நான் வைத்த பெயரா அது?

சீனாவின் இசட்டபிள்யூகேட்டை ஒரே தடவை காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றேன். சைனா டைல்ஸில் பட்டவர், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிரிக்ஸ்கேட் பெல்ஜியம் நாட்டுச் சரக்கு என்றதும் நிமிர்ந்தார். “பெல்ஜியமுங்களா? கண்ணாடி நல்லா இருக்குமுங்களே. பேர்லயும் செங்கல் இருக்குது.” முப்பது நாள் காசு கட்டாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று நான் வாய்விட்டதுதான் தப்பு.

அந்த முப்பது நாளும் மச்சான் பையன் தூங்கவில்லை. யாரும் கேட்காத வீடுகளுக்கெல்லாம் பிளான். வடக்கு வாசல், கிழக்கு வாசல், முப்பதுக்கு நாற்பது, இருபதுக்கு அறுபது. அறைகள் மனையடி சாஸ்திரப்படி பத்தடி, பதினோரடி, பதினாறடி. பன்னிரண்டடிக்கு எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று அதை விட்டுவிட்டார். மொத்தம் இருபத்திரண்டு வீடு. பிரிண்ட் போட்டுச் சுருட்டி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, ரெடிமேட் சட்டைக் கடைக்காரர் மாதிரி காத்திருந்தார்.

முப்பத்தைந்தாம் நாள் முதல் ஆள் வந்தார். மனை வடகிழக்கில் ஒன்றரை அடி இழுத்திருந்தது. இருபத்திரண்டில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. திருத்தலாமென்றால் சாஃப்ட்வேர் காசு கட்டச் சொல்லித் திரையை மறித்துக்கொண்டு நிற்கிறது.

மறுபடி ஷெட்டில் தகர அடுக்கின்மேல் என்னை உட்காரவைத்தார். “ஆட்டோகேட்டுக்கே மாசச் சந்தா கட்டிப் பாக்கலாமுங்கண்ணா, வேலை இருக்கற மாசம் மட்டும்…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் போன் வந்தது. கேட்கக் கேட்க அவர் குரல் ஏறியது.

“ஏப்பா, தகரம் உம்பட சைட்டுல கெடந்தா உம்படதாயிருமா? எத்தன நாள் வெச்சிருக்கியோ அத்தன நாளைக்கு வாடகை. மழை பேஞ்சுது, தளம் போடலைங்கறதெல்லாம் எனக்கெதுக்கு? வேண்டாம்னா கொண்டாந்து எறக்கிட்டுப் போ!”

போனைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“என்னமோ சந்தான்னு சொல்லிட்டிருந்தீங்களே தம்பி… அநியாயமுங்க அது.”