பாலத்து ஜாமும் கட்டுரைப் புத்தகமும்

வாடா பேராண்டி. கட்டுரைத் தொகுப்பு வாங்கிட்டியாமே, சந்தோசம். தே தாரிக் கிளாஸைப் பக்கத்துல வெச்சு அட்டையைப் படம் புடிச்சு வாட்ஸாப்பில ஏத்தியாச்சு. இனி உள்ள இருக்கிறதையும் படிக்கணும்னு சட்டமா என்ன? ஜொகூர்ல எத்தனையோ வீட்டு அலமாரி அப்படித்தான் அறிவாளியா நிக்குது!

படிச்சே தீருவேன்னு அடம் புடிச்சா, பென்சிலும் கையுமா முதப் பக்கத்துலேர்ந்து தொடங்கு. ஒவ்வொண்ணுலயும் மையக்கருத்து எங்கன்னு தோண்டிக்கிட்டே போ. எஸ்பிஎம் எழுதி வருசம் எத்தனை ஆனா என்ன, பழக்கத்தை விடலாமா? மூணாவது கட்டுரையில நல்லாத் தூக்கம் வரும். உடம்புக்கும் நல்லது.

ருசிதான் வேணும்னா வேற வழி இருக்கு. கி. ராஜநாராயணனோட ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை எடு. ஜூனியர் விகடன்ல தொடரா வந்தது. மழைக்குத்தான் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கினேன்னு சொல்லிக்கிட்ட இடைசெவல் சம்சாரி, கடைசியில புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். ஒரு நாள் லீவு போடாமப் படிச்ச நீ இன்னும் படிப்புக் கடன் கட்டிக்கிட்டிருக்க! இல்லன்னா அ. முத்துலிங்கத்தோட ‘அங்கே இப்ப என்ன நேரம்?’ எடு. கொக்குவில்ல பொறந்த கணக்காளர், ஐ.நா. வேலையில ஆப்பிரிக்கா, பாகிஸ்தான்னு சுத்திட்டு கனடாவில குடியேறினவர். இவங்கல்லாம் உனக்குப் பாடம் எடுக்க வரலைடா, பேச வந்திருக்காங்க. நடுவுல எங்கயாவது தொறந்து படி. மனசு ஒட்டலையா, அடுத்ததுக்குத் தாவு. தோட்டத்துப் பெரட்டு மாதிரி மண்டோர் வந்து பேர் எழுதிக்க மாட்டார்.

நேரம் இல்லன்னு மட்டும் சொல்லாத. 1924ல தொறந்த ஜொகூர் பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போக பஸ்ஸுல எவ்வளவு நேரம் குந்தியிருக்கன்னு எனக்குத் தெரியாதா? முன்னாடி நிக்கிற லாரி நம்பரையே மனப்பாடம் பண்றதுக்கு ஒரு கட்டுரையை முடிச்சிடலாம். எல்லை தாண்டுற ஆர்டிஎஸ் ரயில்ல புக்கிட் சாகார்லேர்ந்து ஊட்லண்ட்ஸ் நார்த்துக்கு அஞ்சே நிமிசமாம். அதுல ஏறிப் பழகிட்டா ஒரு பக்கம்கூடத் தேறாது, பாத்துக்க.

படிச்சதுல ஒண்ணை ராத்திரிச் சாப்பாட்டுல பொண்டாட்டிகிட்டச் சொல்லு. கறியில உப்பு கம்மின்னு சொல்றதைவிட அது பத்திரமான பேச்சு. புத்தகத்தை மட்டும் யாருக்கும் இரவல் குடுத்துடாத, திரும்பி வராது. தாத்தாவுக்குக் குடுக்கிறது இரவல்ல சேராது. நாளைக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போ.