முன்னிருக்கை மழை, பின்னிருக்கைத் தூறல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 66ஆம் எண் நெடுஞ்சாலை 1926ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அரசுப் பட்டியலில் ஏறி, 1985ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து பசிபிக் கரையிலுள்ள சான்டா மோனிக்காவில் முடிந்த, ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையின் மிச்சங்களில் இன்று செல்வோர், ஏட்டளவில் இல்லாத ஒரு சாலையில்தான் செல்கின்றனர். சாலையை நீக்கிய அதிகாரிகள் அதன் மேல் பெய்யும் மழையை நீக்க மறந்துவிட்டனர். கூரையும் கதவும் உள்ள கார்களுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டில், இச்சாலையை மோட்டார் சைக்கிளில் கடந்தே தீருவது என்று கிளம்பும் கணவன் மனைவியரிடையே எழும் பூசல்களில் பெரும்பாலானவை இந்த மழையிலிருந்தே முளைக்கின்றன ஆதலால், சாலையின் வரலாற்றையும் மழையின் போக்கையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

இச்சாலை மழைக்கு எதிராகவே பிறந்தது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் உட்பகுதிச் சாலைகள் பெரும்பாலும் மண்சாலைகளாகவே இருந்து, ஒரு மழைக்கே சேறாகி, வண்டிகளை அச்சுவரை விழுங்கிவந்தமையால், 'நல்ல சாலைகள் இயக்கம்' எனப்பட்ட கிளர்ச்சி வலுப்பெற்றது. அதில் ஊறித் திளைத்தவரும் பின்னாளில் 66ஆம் சாலையின் தந்தை எனப் போற்றப்பட்டவருமான சைரஸ் ஏவரி, தாம் வாழ்ந்த டல்சா நகரின் வழியாகவே சாலை செல்லுமாறு பார்த்துக்கொண்டதில் பொதுநலம் எவ்வளவு, ஊர்ப்பற்று எவ்வளவு என்பது இங்கு வேண்டாத ஆராய்ச்சி. ஓக்லஹோமா மாநிலத்து மயாமி என்னும் ஊருக்கருகே 1922இல் போடப்பட்டுப் பின்னர் இச்சாலையோடு சேர்க்கப்பட்ட ஒரு துண்டு ஒன்பதே அடி அகலமுடையது; இருந்த பணம் பாதிச் சாலைக்கே போதுமாயிருந்ததால், நீளத்தைக் குறைக்க மனமின்றி அகலத்தைக் குறைத்தனர் என்று அப்பகுதியில் கதை வழங்குகிறது. எதிரே வண்டி வந்தால் இரண்டும் ஒரு பக்கச் சக்கரங்களைச் சேற்றில் இறக்கித்தான் விலக முடிந்தது. 1938இல் சாலை முழுவதும் தளமிடப்பட்டு மழை ஒருவாறு வெல்லப்பட்டது. ஆனால் அதற்குள் 1930களின் பெருவறட்சியில் மழையே பொய்த்துவிட, புழுதிப்புயலும் கடனும் துரத்திய உழவர்கள் குடும்பம் குடும்பமாக இதே சாலையில் கலிபோர்னியாவை நோக்கிப் பெயர்ந்தனர். மழை இல்லையே என்று அவர்கள் அழுதுகொண்டு போன வழியில், மழை பெய்கிறதே என்று வானத்தை வைதுகொண்டு, அலுவலகத்தில் விடுப்பும் எடுத்துக்கொண்டு, இன்றைய தம்பதியர் போகின்றனர்.

வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து எழும் ஈரக்காற்று, நடுச்சமவெளியின் மேல் வறண்ட மேற்குக் காற்றோடு முட்டிக்கொண்டு, இடியாகவும் ஆலங்கட்டியாகவும் இறங்குகிறது. நூறாம் மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி நாடு ஈரக் கிழக்காகவும் வறண்ட மேற்காகவும் பிரிகிறது என்பதை ஜான் வெஸ்லி பவல் 1878ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துக்காட்டினார். 66ஆம் சாலை அக்கோட்டை ஓக்லஹோமா–டெக்சாஸ் எல்லையிலுள்ள டெக்சோலா என்னும் சிற்றூரின் அருகே கடக்கிறது. பயணிகள் வழக்கமாகச் சிகாகோவிலிருந்தே புறப்படுவதால், நனைய வேண்டியதையெல்லாம் முதற்பாதியிலேயே நனைந்து முடித்துவிடுகின்றனர். அரிசோனாவில் கோடையின் பிற்பகுதியில் பெய்யும் பருவமழை தனி வழக்கு. அதை இங்கே விசாரிக்கத் தேவையில்லை.

மோட்டார் சைக்கிளில் மழை இருவருக்கும் ஒன்றுபோல் பெய்வதில்லை என்பதே இத்துறையின் அடிப்படை உண்மை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் துளிகள் மேலிருந்து விழுவதை விட்டுவிட்டு எதிரிலிருந்து வந்து தைப்பதால், ஓட்டுபவரின் கழுத்துப்பட்டை வழியே ஒரு கால்வாயும் மணிக்கட்டுகள் வழியே இரு வாய்க்கால்களும் திறந்து, எல்லாம் மடியில் சங்கமமாகின்றன. இருக்கையில் தேங்கிய மிச்சநீரும், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் முன்னோக்கி வழிந்து அவரையே வந்தடைகிறது. பின்னிருப்பவரோ, வாழ்க்கைத்துணையின் முதுகு என்னும் மதிற்சுவரின் மறைவில், ஏறக்குறைய உலர்ந்த நிலையில், இடப்பக்கம் தெரியும் பழைய தானியக் கிடங்கின் அழகைப் பாராட்டிக்கொண்டு வருகிறார். கணவரே ஓட்ட வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. மனைவி ஓட்டினால் தானியக் கிடங்கு கணவருக்கு. தலைக்கவசத்தினுள் பொருத்தப்பட்டு இருவரும் பேசிக்கொள்ள உதவும் கருவியான இன்டர்காமில், நிறுத்தலாமா என்று முன்னாலிருந்து கேள்வி எழும்போது, வெறும் தூறல்தானே என்று பின்னாலிருந்து வரும் விடை பொய்யன்று. அவர் அளவில் அது தூறல்தான். மறுமுறை கேட்டால் மனந்தளர்ந்துவிட்டதாகக் கருதப்படும் என்ற அச்சத்தில் முன்னிருப்பவர் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே சென்று, கடைசியில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரையின்கீழ் ஒதுங்கும்போது, உள்ளாடைவரை நனையாத இடம் அவரிடம் இருப்பதில்லை. முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்று தமிழர் கேட்பர். அமெரிக்கத் தம்பதியர் அந்நிலையில்தான் மழைக்கோட்டையே வெளியே எடுக்கின்றனர்.

எடுத்ததை அணிவது அதனினும் கடினம். மழைக்கால்சட்டையின் உட்புறம் ஈரமான பூட்ஸைக் கண்டவுடன் ஒட்டிக்கொள்வதால், அணிபவர் ஒற்றைக்காலில் தத்தித்தத்தி, பெட்ரோல் குழாயைப் பற்றியபடி சுழல, துணைவர் கால்சட்டையின் நுனியைப் பிடித்து எதிர்த்திசையில் இழுக்கிறார். அனுபவசாலிகள் பூட்ஸின் மேல் முதலில் கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, பின்னர் காலை நுழைக்கின்றனர். கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததும் பை உருவப்பட்டு மற்றக் காலுக்கு மாறுகிறது. கையுறை இன்னும் பொல்லாதது. நனைந்த விரல்களை வெளியே இழுத்தால் உள்துணியும் கூடவே புரண்டு வந்துவிடும், பிறகு அந்த ஐந்து விரல்களும் தத்தம் அறைக்குத் திரும்புவதே இல்லை. இத்தனையும் முடிந்து இருவரும் ஏறி அமரும் வேளையில் மழை நின்றுவிடுவதை வானிலையியலார் ஏன் ஒரு விதியாக அறிவிக்கவில்லை என்பது வியப்புக்குரியது.

தரையும் கவனத்துக்குரியது. பல நாள் சிந்திய எண்ணெய் முதல் மழையில் மேலே மிதந்து வருவதால், தொடக்க நிமிடங்களே மிகவும் வழுக்குபவை. விரிசல்களை அடைக்க ஊற்றிய தார்க்கோடுகளை அந்நாட்டு ஓட்டுநர்கள் 'தார்ப் பாம்புகள்' என்று அஞ்சுகின்றனர். நினைவுப் பொருளாகச் சாலைப் பலகைகளைப் பயணிகள் திருடிச் சென்றதால், பல இடங்களில் 66 என்ற எண்ணைக் கேடய வடிவுக்குள் சாலையின் மேலேயே பெரிதாக வரைந்துவிட்டனர். ஈரமான வண்ணப்பூச்சில் டயர் பிடிக்காது; ஆனாலும் அதன் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் ஊர் திரும்பிய தம்பதியர் அரியர்.

ஒதுங்குமிடத்தைப் பொறுத்தவரை இச்சாலை தாராளமானது. கட்டூசா என்னும் ஊரில் ஹியூ டேவிஸ் என்பவர் தம் மனைவி செல்டாவுக்குத் திருமண நாள் பரிசாக 1970களின் தொடக்கத்தில் கட்டிய, ஏறத்தாழ 80 அடி நீளமுள்ள கான்கிரீட் நீலத் திமிங்கலம் குளக்கரையில் வாய் திறந்து கிடக்கிறது. அதன் வாய்க்குள் நின்று மழையை வேடிக்கை பார்க்கலாம். நியூ மெக்சிகோவின் டுகும்கேரி ஊரிலுள்ள புளூ ஸ்வாலோ விடுதியை 1958இல் ஃபிளாய்டு ரெட்மன் தம் வருங்கால மனைவி லில்லியனுக்கு நிச்சயதார்த்தப் பரிசாக அளித்தார். அறையை ஒட்டியே வண்டிக் கொட்டகை உள்ள விடுதி அது என்பதால், அங்கே மோட்டார் சைக்கிளுக்கும் தலைக்கு மேல் கூரை கிடைக்கிறது. சாலைக்குப் பெரும்புகழ் தேடித்தந்த பாடலை 1946இல் மனைவியுடன் மேற்கே செல்லும்போது பாபி ட்ரூப் உருவாக்கினார். தலைப்பை எடுத்துக்கொடுத்தவர் மனைவி சிந்தியா. அவர்கள் சென்றது பியூக் காரில். கூரையின்கீழ் பயணம் செய்தும் அவ்விருவர் பிற்காலத்தில் பிரிந்தனர் என்பதை மோட்டார் சைக்கிள் தம்பதியர் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

மேம்பாலத்தின் அடி மட்டும் ஒதுங்குமிடம் ஆகாது. சூறாவளிக் காற்று அவ்விடுக்கில் மேலும் விரைவதால் அது திறந்தவெளியைவிட ஆபத்தானது என்று அந்நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கிறது. 1999 மே 3ஆம் நாள் ஓக்லஹோமாவில் அவ்வாறு ஒதுங்கியவர்களில் உயிரிழந்தோர் உண்டு. இதில் நகைப்புக்கு இடமில்லை.

புறப்படும் இல்லினாய் மாநிலத்தில் தலைக்கவசம் அணியச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சென்று சேரும் கலிபோர்னியாவில் இருவருக்கும் கட்டாயம். மழைக்கோட்டைப் பற்றி எட்டு மாநிலங்களும் வாய் திறக்காமையால் அதை வாசகர்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்: வசந்த காலத்தில் செல்வோர் டெக்சோலாவைத் தாண்டும்வரை அதைப் பெட்டியின் மேல்தட்டிலேயே வைத்திருங்கள், எப்போது நிறுத்துவது என்பதை முன்னிருக்கையில் இருப்பவரிடமே விட்டுவிடுங்கள்.